செவெல்லா, ஜிடிஓவா? பிறவி எஞ்சினைத் தேடிய கதை

1970 செவர்லே செவெல் எஸ்எஸ் (செவெல்லின் வேகமான வகை), அதே வருடத்து பான்டியாக் ஜிடிஓ. இரண்டுமே ஜிஎம்மின் பழைய அமெரிக்க கார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு மாதம் அல்லாடிவிட்டு, கடைசியில் ஜிடிஓவைத்தான் ஒஹாயோவில் என் ஷெட்டுக்குள் ஏற்றினேன். உதிரி பாகம் கிடைப்பதில் செவெல்தான் மேல், மறுப்பில்லை. அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. எனக்கு இருந்தது ஒரே கேள்வி: ஃபாக்டரியை விட்டு வரும்போது இதில் எந்த எஞ்சின் இருந்தது என்பதை, விற்பவர் வாயை நம்பாமல் நானே கண்டுபிடிக்க முடியுமா?

செவெல்லில் அது பெரும்பாடு. 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடல் (396, 454 எல்லாம் கன அங்குலத்தில் எஞ்சின் அளவு). வண்டி எண்ணே 138 என்று தொடங்கும். 1969-ல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷனாகிவிட்டது. அதனால் 1970 செவெல்லின் மாலிபு கூப்பேயில் சாதாரண 307 இருந்தாலும் சரி, 454 இருந்தாலும் சரி, எண் 13637 என்றுதான் தொடங்கும். கனடாவில் புதிதாக விற்ற வண்டி என்றால் ஜிஎம் கனடாவிடம் பதிவு கேட்கலாம். மற்றபடி பில்ட் ஷீட் (எந்தெந்த பாகம் போட வேண்டும் என்று ஃபாக்டரியில் குறித்த தாள்) பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் யோகம். பெரும்பாலும் ஈரமும் எலியும் முந்திக்கொண்டிருக்கும்.

மிச்சம் இருப்பது எஞ்சினில் குத்தியிருக்கும் எழுத்து. 'எல்லா நம்பரும் ஒத்துப்போகும்' என்று சத்தியம் செய்த ஒருவரிடம் எஸ்எஸ் 396 ஒன்றைப் பார்க்கப் போனேன். எஞ்சினின் வலது ஹெட்டுக்கு முன்னால், எழுத்து குத்தும் தட்டையான இடமான பேடில் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். எழுத்தும் சரி, வண்டியின் வரிசை எண்ணும் சரி. ஆனால் ஃபாக்டரியில் இழைத்த கோடுகள் முன்னிருந்து பின்னாக நேராக ஓட வேண்டுமே, அவற்றைக் காணோம். பேடு மொழுமொழுவென்று இருந்தது. பிளாக்கின் மேல்முகத்தை யாராவது பிறகு இழைத்திருந்தால் எழுத்தும் சேர்ந்தல்லவா போயிருக்கும்? அப்படியென்றால் எழுத்தைப் பிறகு குத்தியிருக்கிறார்கள்.

அடியில் படுத்து, ஸ்டார்ட்டர் பக்கம் வார்ப்புத் தேதியைத் தேடினேன். டி-8-0. ஏ என்றால் ஜனவரி, டி என்றால் ஏப்ரல். அதாவது 1970 ஏப்ரல் 8. பாடி கட்டிய தேதி இருக்கும் ஃபயர்வால் தகட்டிலோ 03பி, மார்ச் இரண்டாம் வாரம். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை பிறந்திருக்கிறார்! ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்படிச் செய்கிறவர்களின் ஆசையும் புரியாமலில்லை. 454-ல் எல்எஸ்5 என்றால் 360 குதிரைசக்தி, எல்எஸ்6 என்றால் 450. பேடில் எல்எஸ்6-க்கான 'சிஆர்வி' என்று மூன்று எழுத்து இருந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும்.

ஜிடிஓவில் முதல் நிம்மதி, 242 என்று எண் தொடங்கினாலே அது ஜிடிஓ. இரண்டாவதுதான் பெரியது: பிஎச்எஸ், அதாவது பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ். பான்டியாக்கின் பழைய பில்லிங் பதிவுகள் 1961-லிருந்து அவர்களிடம் இருக்கின்றன. வண்டி எண்ணையும் கட்டணத்தையும் அனுப்பினால் ஃபாக்டரி பில்லின் நகல் வந்துவிடும்.

நான் பார்த்த வண்டியின் பானெட் ஸ்கூப்பில் (காற்று இழுக்கும் மேடு) ராம் ஏர் ஸ்டிக்கர் இருந்தது. ராம் ஏர் என்றால் இன்னும் சக்தி கூடிய எஞ்சின். விலையும் ஸ்டிக்கருக்கு ஏற்ற மாதிரிதான். பேப்பர் வந்து பார்த்தால் சாதாரண 350 குதிரைசக்தி 400, நாலு கியர். பிளாக்கின் முன்முகத்திலும் அதற்கான 'டபிள்யூ-டி' (WT). ராம் ஏர் 3-ஆக இருந்தால் 'டபிள்யூ-எஸ்' என்று இருக்கும், 366 குதிரைசக்தி. விற்றவரும் பாவம், அப்படி நம்பித்தான் வாங்கியிருக்கிறார். பேப்பரை பானெட் மேல் விரித்து வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விலை தானாக இறங்கியது.

ஒரு எச்சரிக்கை. பேப்பர் சொல்வது பிறந்தபோது இருந்த எஞ்சினை. இப்போது உள்ளே இருப்பது அதுதானா என்று சொல்லாது. அதற்கு பிளாக்கில் குத்திய வண்டி எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். என்னுடையதில் 20பி என்று தொடங்கி மீதி எண்களும் ஒத்துப்போயின. எழுத்தைத் திரும்பக் குத்தும் வித்தை பான்டியாக்குக்கும் நடக்கும். ஆனால் பில்லில் இல்லாத ராம் ஏரை பிளாக்கில் குத்தி என்ன பயன்?

டாட்ஜ் சார்ஜர் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு 1970 வண்டி எண்ணிலேயே விடை உண்டு: ஐந்தாவது எழுத்து 'யு' என்றால் 440 மேக்னம், 'வி' என்றால் சிக்ஸ் பேக், 'ஆர்' என்றால் ஹெமி. கண்ணாடி வழியாகவே படித்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் ஜிடிஓவையும் அது மிஞ்சிவிடும் போலிருக்கிறது. ஆனால் நான் கிட்டப்போய்ப் பார்த்தது ஒரே ஒரு சார்ஜர், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஃபோர்டு மஸ்டாங்காரர்களுக்கு, ஃபாக்டரி பதிவைப் பார்த்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. 1967-லிருந்து வந்த வண்டிகளுக்குக் கிடைக்கும்.

நாளைக்கு நான் விற்கும்போது வருகிறவர் என்னை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. அதே எண்ணை அனுப்பி அதே பேப்பரை வாங்கிக்கொள்ளலாம். அந்த ஸ்டிக்கரை மட்டும் இன்னும் உரிக்கவில்லை. ஸ்கூப்புக்கு எடுப்பாக இருக்கிறது. கேட்பவர்களிடம் பொய் ஸ்டிக்கர் என்று சொல்லிவிடுகிறேன்.