கித்தான் சைக்கிள் பைக்கு மெழுகா, ஆளி விதை எண்ணெயா?

கித்தான் பையை மழை தாங்கச் செய்ய, தேன்மெழுகும் பாரஃபினும் கலந்த கட்டியைத் தேய்த்து ஹேர் டிரையரால் உருக்கலாம். அல்லது ஆளி விதை எண்ணெயைப் பூசி உலரவிடலாம். தேன்மெழுகு சுமார் 62 டிகிரி செல்சியஸில் உருகுவதால், தையல் ஓரங்களில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மெழுகு சூடு பட்டதும் பளபளத்து, நூலிழைகளுக்குள் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்; பின்னாளில் மடிப்புகளில் தேய்ந்தால், அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பூசினால் போதும். எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதால் வெயிலில் உருகாது என்றாலும், உலர நாட்கணக்கில் ஆகும். நாளடைவில் துணி விறைத்து, மடிப்புகளில் வெடிக்கவும் செய்யும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்தே உலர்த்த வேண்டும். கோடையில் சற்றுப் பிசுபிசுத்தாலும், ஊசித் துளைகளை நன்றாக அடைக்கும் மெழுகையே நான் தேர்ந்தெடுப்பேன்.