ரெட்டைச் சுழித் தலைக்கு எது நிற்கிறது? வேலூர் வெயிலில் பல வருட அனுபவம்

உச்சியில் இரண்டு சுழி, முன்நெற்றியில் இடப்பக்கம் எதிர்த்து நிற்கும் ஒரு முடிக்கொத்து. முடியைப் படிய வைக்கும் ஜெல், வேக்ஸ், கிளே என்று இந்தத் தலை பார்க்காதது இல்லை. (ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்பார்கள். எனக்கு ஒன்றுக்கே ஜாதகம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.)

ஜெல் வேண்டாம். காட்பாடியிலிருந்து கோட்டை வந்து சேர்வதற்குள் வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கிவிடும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. எண்ணெய்ப் பசையுள்ள வேக்ஸ் வியர்வைக்கு அசையாது, ஆனால் எங்கள் போர் தண்ணீரில் அதை அலசி எடுப்பது தனி வேலை. கடைசியில் நிலைத்தது மேட் கிளே, அதாவது பளபளப்பு இல்லாத களிமண் பசை. சுண்டுவிரல் நுனியளவு எடுத்து, உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து, வேரிலிருந்து போட்டால் போதும்.

ஆனால் சுழியை அடக்குவது கிளே இல்லை, ஹேர் டிரையர். நனைந்த முடியில் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும்; காயும்போது முடி எந்த வாக்கில் கிடக்கிறதோ அந்த வாக்கிலேயே மறுபடி சேரும். அதனால் காய்ந்த முடியில் டிரையர் பிடித்துப் புண்ணியமில்லை. குளித்ததும் மற்ற இடத்தை விட்டுவிட்டு, சுழி இருக்கும் இடத்தை முதலில் காய வைக்கிறேன். விரலால் வேரை இடதும் வலதுமாக மாற்றி மாற்றித் தள்ளியபடி மிதமான சூடு, முடிவில் குளிர்ந்த காற்று. இதுவும் நிரந்தரமில்லை. முடி வளரும் வாக்கு கருவிலேயே முடிவாகிவிடுகிறது, எந்த எண்ணெயும் அதைத் திருப்பாது. ஹெல்மெட்டுக்குள் வியர்த்து அப்படியே காய்ந்தால், காலையில் செய்தது போச்சு.

வெட்டு அதைவிட முக்கியம். சத்துவாச்சாரியில் நான் போகும் சலூன் அண்ணன் சொன்னது: "உச்சியில மெஷின் வுட்டா முள்ளாட்டம் நிக்கும் தம்பி. ஒண்ணு ஒட்ட வெட்டு, இல்ல நாலு விரல் வுடு." நடுத்தர நீளம்தான் வம்பு, படுக்கிற கனம் இருக்காது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும் என்பதால், ஒருமுறை தவறாக வெட்டினால் பல மாதம் காத்திருக்க வேண்டும். முன்கொத்துக்கு அது சாயும் பக்கமே வகிடு எடுத்துவிட்டேன், சண்டை இல்லை.

கிளே டப்பாவை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் இளகி, எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும்.