பனிக்கரடி காணக் கிடைக்காத பனிக்கரடி ரயில்

கனடாவின் வட ஒன்டாரியோவில், மூஸ் ஆறு ஜேம்ஸ் விரிகுடாவில் கலப்பதற்குச் சற்று முன்பாக அமைந்துள்ள மூசனிக்கு வெளியூர்களிலிருந்து நிரந்தரச் சாலை கிடையாது. விமானத்தை விட்டால், கோக்ரேனிலிருந்து சுமார் 300 கி.மீ. தொலைவை ஐந்து மணி நேரத்தில் கடக்கும் போலார் பேர் எக்ஸ்பிரஸ் ரயில்தான் முக்கிய வழி. பெயரை நம்பிப் பனிக்கரடி பார்க்க ஏறுபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். சன்னலுக்கு வெளியே ஸ்ப்ரூஸ் மரங்களும் சதுப்பு நிலமும் மாறி மாறி வருகின்றன. மூஸ் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது மட்டும் காட்சி விரிகிறது. பார்க்க வேண்டியது பெட்டிக்குள்தான் இருக்கிறது. மருத்துவமனைக்கும் கடைகளுக்கும் போய்விட்டு ஊர் திரும்பும், இப்பகுதியின் பூர்வகுடிகளான கிரீ இனக் குடும்பங்களோடு, அவர்கள் வாங்கிய மளிகைப் பொருள்களும் கனோப் படகுகளும் பனி வண்டிகளும் இதே ரயிலில் பயணம் செய்கின்றன. நிலையமே இல்லாத காட்டிடையில் வேட்டைக்காரர்கள் கைகாட்டி நிறுத்தி ஏறுவதும் உண்டு. 1932-இல் மூசனியை எட்டிய இந்த இருப்புப்பாதை சுற்றுலாவை நம்பி ஓடுவதன்று. அதுவே இதன் முதல் சிறப்பு என்பேன்.

மூசனியில் இறங்கியதும் உடனே திரும்பிவிடாமல், ஆற்றின் நடுவிலுள்ள மூஸ் ஃபாக்டரித் தீவுக்குச் செல்ல வேண்டும். கோடையில், மோட்டார் பொருத்திய பெரிய கனோக்கள் டாக்ஸிகளாக இயங்குகின்றன. உறைபனிக் காலத்தில் ஆற்றின் மேலேயே பனிச்சாலை போடப்படுகிறது. ஆறு உறையத் தொடங்கும் நாள்களிலும் பனி உடையும் நாள்களிலும் ஹெலிகாப்டரைத் தவிர வேறு வழியில்லை. விரிகுடாவின் ஓதம் ஆற்றுக்குள் இந்த ஊர் வரை ஏறி வருவதால், நீர் வற்றும் நேரத்தில் படகோட்டிகள் மணல்திட்டுகளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அவசரப்படுவோருக்கு இந்த ஊர் ஒத்துவராது.

ஹட்சன் பே கம்பெனி 1673-இல் தோல் வணிகத்துக்காக இத்தீவில் நிலையம் அமைத்தது. அந்த வரலாற்றை விட எனக்குப் பிடித்தது, பழைய புனித தாமஸ் தேவாலயத்தின் தரையில் வைத்த துளைகள்தாம். வசந்தத்தில் பனிப்பாளங்கள் அடைத்துக்கொண்டு வெள்ளம் வரும்போது, அடைப்பான்களைப் பிடுங்கி நீரை உள்ளே விட்டால் கட்டடம் மிதந்து போகாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் பலிபீட விரிப்புகள் மூஸ் மான் தோலில் மணிகள் கோத்துச் செய்யப்பட்டவை. கிரீ குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளி ஒன்றும் இத்தீவில் இருந்தது. அதையும் கேட்டறியாமல் மணிவேலைப்பாட்டை மட்டும் ரசித்துத் திரும்புவது அரைகுறைப் பயணமாகவே இருக்கும்.

தங்குவதற்கு, மோக்ரீபெக் கிரீ அமைப்பு கட்டி 2000-இல் திறந்த கிரீ வில்லேஜ் ஈகோலாட்ஜ் பொருத்தமானது. ஆற்றை நோக்கிய அதன் உணவுக்கூடத்தின் உயர்ந்த சன்னல்களே போதும், ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க. இங்கே பண்பாடு மேடையேற்றிக் காட்டப்படுவதில்லை. அறிவிப்புப் பலகைகளில் கிரீ எழுத்துகள் தென்படுகின்றன, டாமராக் மரச் சுள்ளிகளைக் கட்டி வாத்து உருவங்கள் செய்கிறார்கள், வசந்தத்தில் காட்டு வாத்து வேட்டைக்காகப் பள்ளிகளுக்கே விடுமுறை விடப்படுகிறது. அந்த நாள்களில் கடை மூடியிருக்கிறது, வழிகாட்டி கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

ஜூன், ஜூலை மாதங்களில் கொசுவும் கருப்பு ஈயும் தாங்க முடியாதவை. ஆகஸ்ட் பிற்பகுதி மேலானது. பொருள்கள் தொலைவிலிருந்து வருவதால் விலை கூடுதல். படகுக்குக் கனடிய டாலர் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தீவில் இரண்டு இரவாவது தங்க இயலாதவர்கள், அந்தப் பணத்தை வேறொரு பயணத்துக்குச் சேமித்து வைக்கலாம்.