வரைபடத்தில் 20 அடி, வாசலில் 6 அடி

அக்கா மகள் முதல் சம்பளம் வாங்கினாள். "சித்தி, இன்னைக்கு என் செலவு. எங்க போகலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் இந்த உணவகத்தைச் சொன்னது நான்தான். ஆட்டோவில் போகும்போது வாசலில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகையைப் பார்த்திருந்தேன். எனக்கு இளம்பிள்ளை வாதம். முப்பத்தைந்து வயது வரை காலைத் தாங்கும் காலிப்பர் மாட்டி நடந்தேன். தோள் மூட்டு தேய்ந்துபோய், ஒன்பது வருடமாக வீல்சேர். புது இடம் என்றால் ருசி எப்படி என்று கேட்பதற்கு முன்னால் படி எத்தனை என்றுதான் கேட்பேன். அந்தப் பலகையை நம்பி வந்தோம்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், நன்றாக இருந்தது. பரோட்டாவைத் தொட்டால் அடுக்கு அடுக்காகப் பிரிகிறது, எண்ணெய் கையில் ஒட்டவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பில் மிளகுதான் முன்னால் நிற்கிறது, தேங்காய் அளவோடு. ரசம் டம்ளரில் ஆவி பறக்க வந்தது. பரிமாறிய தம்பி நான் கேட்காமலே ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு என் வண்டிக்கு இடம் செய்தார். மேசைக்கு நடுக்கால் இல்லை, முழங்கால் நன்றாக உள்ளே போனது. இதைக் கவனித்துச் செய்யும் உணவகங்கள் குறைவு. இரண்டாவது டம்ளர் ரசம் கேட்க ஆசைதான். கேட்கவில்லை. காரணம் கழிப்பறை.

கதவில் இங்கேயும் அதே நீலப் படம். திறந்தால் தண்ணீர் கேன்கள், துடைப்பக்கட்டை, உடைந்த இரண்டு நாற்காலி. அவற்றை எடுத்தாலும் நான் உள்ளே போக முடியாது. உறையூரில் தையல் கடை வைத்திருக்கிறேன், அளவு நாடா எப்போதும் பையில் இருக்கும். அளந்து பார்த்தேன். கதவு 26 அங்குலம், என் வண்டி 25. சக்கரத்தைத் தள்ளும் கை எங்கே போகும்? கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல்கள் கேட்பது 900 மில்லிமீட்டர், ஏறக்குறைய 35 அங்குலம்.

இனி சாய்தளம். வாசல் மூன்று படி, 20 அங்குல உயரம். ஒரு அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் 240 அங்குலம், அதாவது 20 அடி. இங்கே இருப்பது 6 அடி. மேலே வழவழ டைல்ஸ், பக்கத்தில் பிடிக்கக் கம்பி இல்லை. அக்கா மகள் பின்னாலிருந்து தள்ளினாள், பாதியில் அவள் செருப்பு வழுக்கியது, வண்டி பின்னோக்கி வந்தது. நல்லவேளை, காவலாளி பிடித்துக்கொண்டார்.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிடுவோம்மா, கவலைப்படாதீங்க" என்றார்கள் அங்கிருந்த ஊழியர்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முன்பின் தெரியாத நாலு பேர், வாசலில் காத்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால், சேலை எங்கே விலகுகிறது என்று கூடப் பார்க்க முடியாத நிலையில் என்னைத் தூக்குவதை நான் விரும்பவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படித் தூக்கும்போது ஒருவர் கை நழுவி, எனக்கு மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது.

பின்பக்க வழியாக உள்ளே போய்ச் சாப்பிட்டு முடித்து உரிமையாளரைப் பார்த்துப் பேசினேன். கோபப்படவில்லை, பொறுமையாகக் கேட்டார். "ஆபீசர் வந்து பார்த்துத்தானேம்மா சான்றிதழ் குடுத்தாங்க" என்றார். உள்ளே போய்க் கட்டட வரைபடத்தை எடுத்து வந்து விரித்தார். அதில் சாய்தளம் 1:12 என்றே போட்டிருக்கிறது, 20 அடி நீளத்துக்கு! கட்டும்போது இரண்டு கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சுருக்கிவிட்டார்களாம். ஆக, சரியான அளவு காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்த அதிகாரி நாடாவை எடுக்கவில்லை.

எனக்கு உரிமையாளரை விட அந்தக் கையெழுத்தின் மீதுதான் வருத்தம் அதிகம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 44-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. விதிப்படி இல்லாத வரைபடத்துக்கு அனுமதி கிடையாது, விதிப்படி கட்டாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் கிடையாது, குடியேறவும் விடக்கூடாது. தனியார் இடத்துக்கும் இது பொருந்தும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000-லிருந்து 5 லட்சம் வரை.

அப்புறம் ஏன் நடக்கவில்லை? அளவுகளையெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகள் வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்தது ஒரு காரணம். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். வழிகாட்டுதல் என்று விட்டால் யாரும் கட்டுப்பட மாட்டார்கள், குறைந்தபட்ச அளவுகளைக் கட்டாயமாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு கொடுத்தது. அந்த வழக்கைப் போட்டவர் பார்வையற்றவர், போட்ட வருடம் 2005. எத்தனை வருடக் காத்திருப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

விதி கட்டாயமானால் மட்டும் போதாது என்று இந்த வாசலில் நின்றபோது தோன்றியது. சான்றிதழ் கொடுக்க வரும் அதிகாரி கூடவே வீல்சேரில் இருக்கும் ஒருவரை அழைத்து வரட்டும். அவர் தானாக ஏறி, கழிப்பறைக்குப் போய்த் திரும்பிய பிறகு கையெழுத்துப் போடட்டும். அரை மணி நேர வேலை.

வீல்சேரில் வருகிறவர்களுக்கு: பின்பக்கம் சரக்கு இறக்கும் வழி தரையோடு தரையாக இருக்கிறது. நான் உள்ளே போனதும் வெளியே வந்ததும் அந்த வழியில்தான், கிரைண்டரையும் அரிசி மூட்டைகளையும் தாண்டி. தரை ஈரமாக இருக்கும், பார்த்து வாருங்கள். கழிப்பறை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், இரண்டும் சமையலுக்கும் அந்தத் தம்பிக்கும். வாசலில் நாடாவை விரித்துப் படம் எடுத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். உரிமையாளரிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், வரைபடத்தின் நகல் ஒன்றைத் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.