பக்க மைக் எதைக் கேட்கப்போகிறது? மொரிஷியஸ் வீட்டுக் கூடத்தில் மிட்-சைட் மைக் தேர்வு

ரோஸ் ஹில்லில் நாங்கள் இருக்கும் வீடு ஒரு காங்கிரீட் பெட்டி. தரை டைல்ஸ், கூரை தட்டை, நான்கு சுவரும் சிமெண்ட். 1960-இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்கள் மரமும் தகரமுமாக இருந்த வீடுகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, தீவு காங்கிரீட்டுக்கு மாறியது. புயலுக்கு அது சரி. வயலினுக்குச் சரியில்லை. அக்கா மகள் கூடத்தில் உட்கார்ந்து வர்ணம் வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் எதிர்ச்சுவரில் முட்டி, கூர் தீட்டிக்கொண்டு திரும்பி வருகிறது.

இந்தக் கூடத்தில்தான் வயலினையும் மிருதங்கத்தையும், எப்போதாவது நண்பர்கள் கொண்டுவரும் ரவான் என்ற தோல் மேளத்தையும் மரவான் என்ற கிலுகிலுப்பைப் பெட்டியையும் இரண்டு மைக் வைக்கும் மிட்-சைட் (நடு-பக்க) ஸ்டீரியோ முறையில் பதிவு செய்கிறேன். சொந்தமாக வாங்கியது கொஞ்சம், இரவல் வாங்கியது நிறைய என்று பல மைக்குகளைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. எது எதற்கு ஆகும் என்பதில் இப்போது எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது.

முறை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நடு மைக் வாத்தியத்தை நேராகப் பார்க்கும். பக்க மைக் ஒலி வாங்கும் பரப்பு 8 என்ற எண் போல இருக்கும், அதை எட்டு வடிவம் என்பார்கள். அதன் இரண்டு காதும் இடமும் வலமுமாகத் திரும்பியிருக்கும், வாத்தியம் இருக்கும் திசையில் அது செவிடு. இரண்டையும் கூட்டினால் இடது சேனல். நடுவிலிருந்து பக்கத்தைக் கழித்தால் வலது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் விண்ணப்பித்த காப்புரிமையிலேயே இந்தக் கூட்டல் கழித்தல் இருக்கிறது. 1950-களில் டென்மார்க் வானொலியின் ஹோல்கர் லௌரிட்சன் இதை இன்றைய மிட்-சைட் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இடதையும் வலதையும் சேர்த்து மோனோவாக்கினால் பக்க மைக் முழுசாக அடிபட்டுப்போய் நடு மைக் மட்டும் மிஞ்சும். நம் பதிவுகளைச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஒற்றை ஸ்பீக்கர் போனில்தான் கேட்கிறார்கள். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம்.

பெரும்பாலானவர்கள் நடு மைக்குக்குக் காசைக் கொட்டிவிட்டுப் பக்கத்துக்குக் கையில் அகப்பட்டதைப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பக்க மைக் வாத்தியத்துக்குச் செவிடு என்றால் அது எதைக் கேட்கிறது? வயலின் போல ஓரிடத்திலிருந்து ஒலிக்கும் வாத்தியத்தை ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்துப் பதிந்தால், பக்க மைக்கில் விழுவது பெரும்பாலும் அறைதான். சுவர், கூரை, ஃபிரிட்ஜின் முனகல் எல்லாம் அதில் வரும். மிருதங்கம் அப்படியில்லை. வலந்தலை (வலது முகம்) ஒரு பக்கம், தொப்பி (இடது முகம்) ஒரு பக்கம் என்று வாத்தியமே இடம் வலமாக நீண்டு கிடக்கிறது. கிட்டே வைத்தால் பக்க மைக்குக்கு வாத்தியமே நேராகக் கேட்கும். ஆகவே பக்க மைக் கேட்கப்போவது அறையையா, வாத்தியத்தையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ரிப்பனா (மெல்லிய உலோகப் பட்டை அதிர்ந்து ஒலியைப் பிடிக்கும் வகை) கண்டென்சரா (மின்னேற்றிய சவ்வு அதிர்ந்து பிடிக்கும் வகை) என்ற கேள்விக்கு விடை அதிலிருந்துதான் வரும்.

அறை என்றால் என் ஓட்டு ரிப்பனுக்கு. பேயர்டைனமிக் எம்130-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை ரிப்பன், பிறவியிலேயே எட்டு வடிவம், தலை சின்னது. ரிப்பன்களில் உச்சஸ்தாயி மெல்ல இறங்கிப்போவதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். காங்கிரீட் கூடத்தில் அதுதான் வரம். சுவரிலிருந்து திரும்பி வரும் அந்தக் கூர்மையான எதிரொலி பக்க மைக்கில் மழுங்கி விழுகிறது. வயலினின் வில் உரசலும் பளபளப்பும் நடு மைக்கில் இருக்கிற கண்டென்சரிலிருந்து வருகின்றன. சுற்றி இருக்கும் இடம் மட்டும் இதமாக விரிகிறது. அதே வர்ணத்தைப் பக்கத்திலும் கண்டென்சர் வைத்துப் பதிந்தபோது, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல் இருந்தது. அக்கா மகள் இரண்டையும் ஹெட்போனில் கேட்டுவிட்டு, "மாமா, முதல்ல கேட்டதுல வீடு பெருசா இருக்கு, ரெண்டாவதுல சுவர் கிட்ட வந்துடுச்சு" என்றாள். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ரிப்பனுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. எம்130-இன் உணர்திறன், அதாவது குறிப்பிட்ட ஒலி அழுத்தத்துக்கு அது கொடுக்கும் மின்னழுத்தம், ஒரு பாஸ்கலுக்கு 1.3 மில்லிவோல்ட். ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ் என்ற கண்டென்சர் கொடுப்பது 23 மில்லிவோல்ட். இடைவெளி ஏறக்குறைய 25 டெசிபல். மைக்கைக் கணினியில் இணைக்கும் இன்டர்ஃபேஸ் மலிவானதாக இருந்து, கெயினை (ஒலிப் பெருக்கத்தை) கடைசிவரை திருகினால் அதற்குள் இருக்கும் பிரீஆம்ப் என்ற பெருக்கியின் இரைச்சல் மேலே வந்துவிடும், அதுவும் பக்க சேனலில் வந்தால் இரண்டு காதிலும் எதிரெதிர் ஃபேஸில் பரவி, தலையைச் சுற்றி ஒரு சீறலாக நிற்கும். மைக் கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸ் அனுப்பும் ஃபேண்டம் பவரில் ஓடும் சின்ன பூஸ்டர் ஒன்றை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. இன்னொன்று, ரிப்பனுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் அடாப்டருக்குப் பக்கத்தில் போனால் 50 ஹெர்ட்ஸ் முனகலைப் பிடித்துக்கொள்ளும். அடாப்டர்களைத் தள்ளி வையுங்கள், மைக்கைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் முனகல் குறைந்துபோகும்.

மிருதங்கத்துக்கு வந்தால் என் ஓட்டு மாறுகிறது. பக்க மைக் வாத்தியத்தையே கேட்கும்போது ரிப்பனின் மழுங்கல் வேறு விதமாக வேலை செய்கிறது. தாழ்ந்த ஒலியில் இருக்கும் அகலம் மேலே போகப் போகச் சுருங்கிவிடும். தொப்பியின் கும்கி என்ற தாழ்ந்த நாதம் தன் பக்கத்தில் சரியாக நிற்கும். வலந்தலையின் சாப்பு என்ற அடியில் தெறிக்கும் உச்சஸ்தாயி மட்டும் நடுவை நோக்கி நழுவும். ஒரே அடி இரண்டு இடத்தில் கேட்பதுபோல் ஆகிறது. மரவானில் இது இன்னும் மோசம். கரும்புப் பூவின் தண்டுகளைக் கோத்துச் செய்த பெட்டிக்குள் விதைகள் உருளும் சத்தம் முழுக்கவே மேல்ஸ்தாயிதான். ரிப்பன் பக்கத்தோடு அது ஏறக்குறைய மோனோவாகவே வந்தது.

இங்கேதான் எந்தத் திசையில் கேட்க வேண்டும் என்ற வடிவத்தை மாற்றக்கூடிய பெரிய டயாஃப்ரம் (சவ்வு) கண்டென்சர்கள் பயன்படுகின்றன. சி414 எக்ஸ்எல்எஸ்ஸில் ஒன்பது வடிவங்கள், சுய இரைச்சல் (மைக்கே உண்டாக்கும் இரைச்சல்) 6 டெசிபல். ரோட் என்டி2-ஏவில் மூன்று வடிவங்கள், இரைச்சல் 7 டெசிபல், விலையும் நன்றாகக் குறைவு. வீட்டுப் பதிவில் இந்த ஒரு டெசிபல் வித்தியாசம் யாருக்கும் கேட்காது. ஆடியோ-டெக்னிக்கா ஏடி4050-இன் 17 டெசிபல் மெதுவான வீணைக்கு எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கும். மிருதங்கத்துக்குப் பொருட்டே இல்லை. இந்த வகையில் எட்டு வடிவம் என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கார்டியாய்டுகளை (முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் வடிவம்) எதிர்த் துருவத்தில் சேர்த்து உண்டாக்குவது. சாய்வான திசைகளில் ரிப்பன் அளவுக்கு ஒலி சீராக இருக்காது. தலையும் பெரிது என்பதால் ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மூக்கும் மூக்கும் இடிக்க வைத்தால்கூட உள்ளே ஒலியைப் பிடிக்கும் காப்ஸ்யூல்களுக்கு இடையில் சில சென்டிமீட்டர் இருந்தே தீரும். அந்த இடைவெளி மேல் கீழாக மட்டும் இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். வாத்தியம் மைக்கின் உயரத்திலேயே இருந்தால் ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

மிருதங்கத்தில் தூரம்தான் பாதி வேலை. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மிருதங்கத்தின் முன்னால் 60 சென்டிமீட்டர் தள்ளி மைக் வைத்தால் இரண்டு முகங்களும் நடுக்கோட்டிலிருந்து சுமார் 27 டிகிரியில் இருக்கும். நடுவில் கார்டியாய்டு, பக்கம் அதே மட்டத்தில் என்றால் கணக்குப்படி இடது வலதுக்கு இடையே 9 டெசிபல் வித்தியாசம். பக்கத்தை 6 டெசிபல் குறைத்தால் வித்தியாசம் 4 சொச்சம். அதுதான் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பதற்குக் கிட்டத்தில் இருக்கிறது. அதே மைக்கை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் கோணம் 45 டிகிரி, வித்தியாசம் 20 டெசிபலுக்கு மேல். வலந்தலை ஒரு காதிலும் தொப்பி மறு காதிலும் தனித்தனியாக ஒலிக்கும். வாசிப்பவரே அப்படிக் கேட்பதில்லை. தயவுசெய்து அப்படிப் பதியாதீர்கள்.

நடு மைக்கின் வடிவம் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் கேட்கும் ஓம்னியை நடுவில் வைத்துப் பக்கத்தைச் சம மட்டத்தில் சேர்த்தால் கிடைப்பது முதுகு காட்டி நிற்கும் இரண்டு கார்டியாய்டுகள். எட்டு வடிவத்தையே நடுவிலும் வைத்தால் புளூம்லைனின் பெயரால் சொல்லும் ஜோடி, 90 டிகிரி குறுக்காக இரண்டு எட்டுகள். கார்டியாய்டு வைத்தால் ஏறக்குறைய ஹைப்பர்கார்டியாய்டு (கார்டியாய்டைவிடக் குறுகலாகக் கேட்கும் வடிவம்) போன்ற இரண்டு மைக்குகள் 127 டிகிரி விரிந்து நிற்பதற்குச் சமம். பக்கத்தை 6 டெசிபல் இறக்கினால் அந்த விரிவு 90-க்கு வந்துவிடும். ஓம்னியின் அடித்தளம் அழகு, கிட்டே வைத்தாலும் கீழ்ஸ்தாயி ஊதிப் பெருக்காது. நல்ல அரங்கம் கிடைத்தால் நான் அதைத்தான் வைப்பேன். காங்கிரீட் கூடத்தில் முடியாது: சுற்றிலுமிருந்து வரும் எதிரொலியில் கார்டியாய்டு வாங்குவது ஓம்னி வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு, ஹைப்பர்கார்டியாய்டு நாலில் ஒரு பங்கு. பேயர்டைனமிக் எம்160 அந்த ஹைப்பர்கார்டியாய்டு ரிப்பன். எம்130-க்கு அது பழகின ஜோடி, இரண்டின் தலையும் சின்னது என்பதால் ஒட்டி வைக்கலாம். ரவானுக்கு இந்த ஜோடியை மிஞ்சி நான் எதையும் கேட்கவில்லை. ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டி இறுக்கி எடுத்தவுடன் அதற்கு ஒரு சூடான கனம் வரும், கண்டென்சர் அதில் விரல் தட்டலை முன்னே தள்ளிக் காட்டுகிறது, ரிப்பன் தோலைக் காட்டுகிறது. ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், அடியில் கிளம்பும் காற்று ரிப்பனுக்கு ஆகாது. வயலினுக்கோ இரண்டும் ரிப்பன் என்றால் எனக்கு வெளிச்சம் போதவில்லை.

அப்புறம் ஈரம். தீவின் ஈரமான ஊரான கியூர்பிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் அலமாரிக்குள் இருக்கும் செருப்பிலேயே பூஞ்சை பூக்கும். என்னிடம் இருந்த ஒரு கண்டென்சர், பெயர் வேண்டாம், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் வெடிக்கத் தொடங்கியது. சாதாரணக் கண்டென்சரின் காப்ஸ்யூலில் மின்தடை மிக அதிகம். ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து இந்தச் சத்தம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் வைத்த பிறகு சரியானது. அன்று முதல் எல்லா மைக்கும் டப்பாவில்தான் தூங்குகின்றன.

சென்ஹைசரின் எம்கேஹெச் வரிசை இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. காப்ஸ்யூல் உயர் அதிர்வெண் சுற்று ஒன்றின் பகுதியாகக் குறைந்த தடையில் வேலை செய்வதால் ஈரம் அதை எளிதில் அசைக்காது. பக்கத்துக்கு எம்கேஹெச் 30, நடுவுக்கு எம்கேஹெச் 40. இரைச்சல் 13, 12 டெசிபல். உடல் மெலிசு என்பதால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவும் வைக்கலாம். 30-இன் எட்டு வடிவம் ரிப்பன் போலச் சமச்சீர், உச்சஸ்தாயியோ மழுங்காது. மிருதங்கத்துக்கும் மரவானுக்கும் இரவல் வாங்கிப் பதிந்தபோது, ஒவ்வொரு அடியும் அடித்த இடத்திலேயே நின்றது. ஆனால் இங்கே சொன்னவற்றில் விலை கூடிய ஜோடி இதுதான். கோயில், காடு, கடற்கரை என்று வெளியே போய்ப் பதிவதையே தொழிலாகச் செய்பவருக்கு நியாயமான செலவு. வீட்டுக் கூடத்தில் வயலின் மட்டும் பதிபவருக்கு நான் சொல்லமாட்டேன். சுவரின் கூர்மையையும் அது அப்படியே உண்மையாகக் காட்டிவிடும்.

ஒரே உடலில் இரண்டு காப்ஸ்யூலும் இருக்கும் வகை பற்றிச் சுருக்கமாக. ஷூர் விபி88, ஜூம் ஹெச்6-இல் மாட்டும் மிட்-சைட் தலை, ஜூம் ஹெச்2என். நுணுக்கமான தனி வாத்தியத்துக்கு இவை என் முதல் தேர்வு அல்ல. காவடி ஊர்வலத்தில் நாதஸ்வரமும் தவிலும் நடந்துகொண்டே வரும்போது வேறு எதுவும் சரிப்படாது. ஹெச்2என்னில் கூட்டிக் கழிக்காத மூல மிட்-சைட்டாகவே பதியும் வசதி இருக்கிறது. அதை வையுங்கள், அகலத்தை வீட்டில் வந்து முடிவு செய்யலாம். காற்றுக்கு ரோமத் தொப்பி கட்டாயம். ரிப்பனை அங்கே எடுத்துப் போகாதீர்கள்.

ஏற்கெனவே நல்ல கார்டியாய்டு கண்டென்சர் ஒன்று வைத்திருக்கிறீர்கள், இன்னொரு மைக்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால்: வயலின், வீணை, கிதார் பதிபவர் எம்130 வாங்கலாம். தாளவாத்தியக்காரர் என்டி2-ஏ போல ஒன்று வாங்கலாம். நடுவும் பக்கமும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. இரண்டு மைக்கை ஒரே இடத்தில் கோணமாகத் திருப்பி வைக்கும் எக்ஸ்-ஒய் முறையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருந்தால்தான் நடு நடுவில் நிற்கும். இங்கே நடுவை ஒரே மைக் பிடித்துவைத்திருக்கிறது.

முதல் பதிவுக்கு முன் மைக்குகளுக்குப் பின்னால் நின்று வாத்தியம் இருக்கும் பக்கம் பாருங்கள். உங்கள் இடது பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். ஹெட்போனில் அவர் வலதில் கேட்டால் பக்க மைக்கின் முகம் திரும்பியிருக்கிறது. மைக்கையோ அந்த சேனலின் துருவத்தையோ திருப்பினால் போதும். பிறகு மோனோ பொத்தானை அழுத்துங்கள். அறை மறைந்து வாத்தியம் மட்டும் நின்றால் கூட்டலும் கழித்தலும் சரியாக அமைந்துவிட்டன, ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவைத் தொடங்கலாம்.