டிரைவர் நிரலைச் சரிபார்க்க லாக்டெப்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில், அளவைக் கருவிகளுக்கு லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) எழுதும் சிறு குழு ஒன்றில் பணியாற்றுகிறேன். சக பொறியாளர்கள் எழுதும் நிரலில் பூட்டுகளும் (ஒரே தரவை இரு பகுதிகள் ஒரே நேரத்தில் தொடாமல் காப்பவை) இண்டரப்ட் பாதுகாப்பும் (சாதனம் சிபியூவை இடைமறிக்கும்போது குழப்பம் நேராமல் காப்பது) சரியாக உள்ளனவா என்று பார்த்து ஒப்புதல் தருவது என் பொறுப்பு. அதற்குப் பல ஆண்டுகளாகத் துணை நிற்பது, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே அமைந்துள்ள, பூட்டுப் பிழைகளைக் கண்டறியும் லாக்டெப். இங்கோ மோல்நார் உருவாக்கிய இக்கருவி 2006இல், 2.6.18 பதிப்பில் கெர்னலில் சேர்ந்தது.

ஒன்றுக்கொன்று காத்து நிரல் உறைந்துபோகும் டெட்லாக் நிகழும்வரை காத்திராமல், அது நிகழக்கூடும் என்பதையே லாக்டெப் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு வகைப் பூட்டும் எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது, அப்போது இண்டரப்ட் திறந்திருந்ததா, வேறெந்தப் பூட்டு ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருந்தது என்பவற்றை அது குறித்து வைத்துக்கொள்கிறது. அண்மையில் பார்த்த ஒரு டிரைவரில், பயனர் நிரல் சாதனத்துக்குக் கட்டளையிட அழைக்கும் ஐஆக்டல் பகுதி, இண்டரப்டை மூடாத வெறும் ஸ்பின்_லாக் (கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) எடுத்துக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரை மாற்றியது. அதே பூட்டை, இண்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லரும் எடுத்தது. பூட்டு பிடிபட்டிருக்கும் அந்த நொடிப்பொழுதில் அதே சிபியூவில் இண்டரப்ட் வந்துவிட்டால், ஹேண்ட்லர் பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டை விடுவிக்க வேண்டிய பகுதியோ, ஹேண்ட்லர் முடிந்தால்தான் மீண்டும் ஓட முடியும். சோதனை மேசையில் இது வாரக்கணக்கில் தலைகாட்டாமலே இருக்கலாம். ஆனால் இரு பாதைகளும் தனித்தனியே ஒருமுறை ஓடியதுமே, ‘இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்’ என்ற எச்சரிக்கையை அழைப்பு வரிசையோடு லாக்டெப் அச்சிட்டுவிட்டது.

ஐஆக்டல் பகுதியில், பூட்டை எடுக்கும்போதே இண்டரப்டையும் மூடிவிடும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் பயன்படுத்தச் சொன்னேன். “ஐஆர்க்யூசேவ் எதற்கு அண்ணே, ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ போதாதா?” என்று அதை எழுதிய தம்பி கேட்டார். நல்ல கேள்வி, அதுவும் இண்டரப்டை மூடுவதுதான். ஆனால் ஸ்பின்_அன்லாக்_ஐஆர்க்யூ, முன்பிருந்த நிலையைப் பாராமல் இண்டரப்டைத் திறந்துவிடும். இண்டரப்ட் மூடிய நிலையிலும் அந்த ஃபங்ஷன் அழைக்கப்படலாம் என்றால், அழைத்தவரின் பாதுகாப்பு அங்கேயே குலைந்துவிடும். ஐஆர்க்யூசேவ் பழைய நிலையைச் சேமித்து வைத்து அப்படியே மீட்டுத் தருகிறது.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள். முதல் எச்சரிக்கையைத் தந்ததும் லாக்டெப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கணினி தொடங்கும்போதே வேறொரு டிரைவர் எச்சரிக்கையைக் கிளப்பியிருந்தால், அதன் பின் நடந்த சோதனையின் அமைதிக்குப் பொருளே இல்லை. ஆகவே, சோதனை முடிவில் /ப்ராக்/லாக்டெப்_ஸ்டாட்ஸ் கோப்பில் டீபக்_லாக்ஸ் 1 (லாக்டெப் இன்னும் இயங்குகிறது) என்று இருப்பதைக் காட்டாத எந்தச் சோதனைப் பதிவையும் நான் ஏற்பதில்லை.

ஓடாத பாதையைப் பற்றி லாக்டெப்புக்கு எதுவும் தெரியாது. பிழை நேரும்போது விலகும் பகுதிகளும் சாதனத்தை அகற்றும் ரிமூவ் பகுதியும் சோதனையில் அரிதாகவே ஓடுகின்றன. பூட்டை விடுவிக்காமல் திரும்பிவிடும் வரிகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் கண்ணால்தான் படித்தாக வேண்டும்.

இதைவிட நுட்பமானது, பூட்டல்லாத காத்திருப்பு. மியூடெக்ஸ் (காத்திருக்கும்போது உறங்கவிடும் பூட்டு) ஒன்றைப் பிடித்தபடி, இண்டரப்டை அணைக்கும் டிசேபிள்_ஐஆர்க்யூ அழைக்கப்படுகிறது. அது, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் திரெட் (ஹேண்ட்லரின் வேலையைத் தனியே செய்யும் இழை) முடியும்வரை காத்திருக்கும். அந்தத் திரெட்டோ அதே மியூடெக்ஸுக்காகக் காத்து நிற்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து உறைந்துபோகும், லாக்டெப் வாய் திறக்காது. காத்திருக்கும் ஃபங்ஷன்கள் அனைத்தையும் தேடிப் பிடித்து, அந்நேரம் எந்தப் பூட்டு பிடிபட்டிருக்கிறது என்று ஒவ்வோரிடத்திலும் கேட்பதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. பூட்டே இல்லாமல் பகிரப்படும் மாறிகளும் லாக்டெப்பின் எல்லைக்கு வெளியே உள்ளவை. அதற்கு 2020இல் 5.8 பதிப்பில் வந்த, அத்தகைய மோதல்களைக் கண்டறியும் கேசிசான் என்ற கருவி தேவை.

லாக்டெப் இயங்கினால் வேகம் கணிசமாகக் குறைவதால், வாடிக்கையாளருக்குப் போகும் கெர்னலில் அதை இயக்கும் புரூவ்_லாக்கிங் அமைப்பை அணைத்துவிட்டு, சோதனைக் கெர்னலில் மட்டும் இயக்குகிறோம். 2024இல் 6.12 பதிப்போடு, நிகழ்நேரப் பயன்பாட்டுக்கான ப்ரீஎம்ப்ட்_ஆர்டி (சுருக்கமாக ஆர்டி) முதன்மைக் கெர்னலில் இடம்பெற்ற பின், புரூவ்_ரா_லாக்_நெஸ்டிங் அமைப்பையும் சேர்த்திருக்கிறோம். ஆர்டி கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக் உறங்கக்கூடிய பூட்டாக மாறிவிடுவதால், அங்கும் உறங்காத ரா ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி அதை எடுக்கும் நிரல் அங்கே தவறாகிவிடும். அந்தத் தவற்றை இந்த அமைப்பு சாதாரணக் கெர்னலிலேயே காட்டித் தருகிறது.