சோழர் கோயில்களுக்கு எங்கே தங்குவது: தஞ்சாவூரா, கும்பகோணமா?

சோழர் கோயில்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூரில்தான் அறை எடுக்கிறார்கள். பெரிய கோயில் அங்கே இருக்கிறது, பெயரும் அந்த ஊருக்குத்தான். நான் கடைசியாகப் போனபோது கும்பகோணத்தில் தங்கினேன். மறுபடி போனாலும் அங்கேதான் தங்குவேன்.

அறை வாடகை, சாப்பாடு, ரயில் வசதி ஆகியவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. சென்னை எழும்பூரிலிருந்து மெயின் லைனில் வரும் ரயில்கள் இரண்டு ஊர்களையும் தொடுகின்றன. விமானத்தில் திருச்சிக்கு வருகிறவர்களுக்குத் தஞ்சாவூர் பக்கம், அவ்வளவுதான். டிகிரி காபிக்காகக் கும்பகோணம் போகிறவர்களிடம் எனக்கு வாதமே கிடையாது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது நடை சாத்தும் நேரம். இந்த வட்டாரத்துக் கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு மணி வாக்கில் சந்நிதியை அடைத்தால், மறுபடி திறக்க நான்கு மணி ஆகிவிடும். வெளிப்பிராகாரத்தில் நடமாடத் தடையில்லாத கோயில்களிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு சிற்பம் பார்ப்பது யாராலும் ஆகாது. தூணில் இருப்பது நந்தியா யாளியா என்று பார்ப்பதற்குள் கால் நிழலைத் தேடி ஓடிவிடும். ஆகவே கோயில் பார்க்க ஒரு நாளில் கிடைப்பது இரண்டே துண்டுகள்: காலை ஆறு முதல் பதினொன்று வரை, மாலை நான்கு முதல் விளக்கு வைத்துச் சற்று நேரம் வரை. அந்த இரண்டு துண்டுகளையும் பயணத்தில் தொலைக்காமல் இருக்க எந்த ஊரில் படுத்து எழ வேண்டும் என்பதுதான் கேள்வி.

யுனெஸ்கோ பட்டியலில் உள்ள சோழர் கோயில்கள் மூன்று. பெரிய கோயில் 1987-இல் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் சேர்ந்தன. தாராசுரம் கும்பகோணத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். கங்கைகொண்ட சோழபுரம் கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், தஞ்சாவூரிலிருந்து அதைப்போல் இரு மடங்கு. தஞ்சாவூரில் விடிந்து, இட்லி சாப்பிட்டு, கார் பிடித்துக் கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேரும்போது வெயில் உங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

கும்பகோணத்திலிருந்து இருட்டோடு கிளம்பினால் கதையே வேறு. பழைய சாலை அணைக்கரை வழியாகப் போகிறது. அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்துத்தான் கல் கொண்டுவந்தார்கள். பிய்த்தெடுத்த கல்லை முதலில் கடந்துவிட்டு, எஞ்சிய கோயிலை அடுத்துப் பார்க்கிறோம். மதிலும் கோபுரமும் போனதாலோ என்னவோ, வயல்வெளியிலிருந்தே ராஜேந்திரன் கருவறைக்கு மேல் எழுப்பிய விமானம் முழுதாகத் தெரிகிறது. தந்தை ராஜராஜன் தஞ்சாவூரில் கட்டியதைவிட உயரம் குறைவு. தந்தையுடையது நேர்கோடாக ஏறுகிறது, மகனுடையது உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. எனக்கு இந்த வளைவுதான் பிடிக்கும். வடக்குப் படிக்கட்டின் அருகே சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. காலையில் கூட்டம் சேருமுன் அதன் எதிரே நின்றுகொண்டே இருக்கலாம்.

தாராசுரத்துக்கு ஒரு தடவை போனால் போதாது. கும்பகோணத்தில் தங்குவதன் பெரிய லாபமே இதுதான்: மாலையில் கால் மணி நேரத்தில் போய்விடலாம், மறுநாள் காலையில் மறுபடியும் போகலாம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய இந்தக் கோயில் உயரத்தால் மிரட்டுவதில்லை. தேர்ச்சக்கரமும் குதிரையுமாக நிற்கும் ராஜகம்பீரன் மண்டபத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாக அமைந்த சிற்பத்தை வழிகாட்டிகள் காட்டிவிடுகிறார்கள். பெரும்பாலோர் தவறவிடுவது கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் ஓடும் சிறு சிற்பத் தொடரை. நாயன்மார் கதைகள் அதில் வரிசையாக வருகின்றன. மேலே பெயர் வெட்டிய இடங்களும் உண்டு. குனிந்தும் குந்தியும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வாசலில் காரை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் தருகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஒரே நாளில் மூன்று கோயில் என்று விற்கிற வாடகைக் கார் பயணத்தை நான் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். மூன்றில் ஒன்று கட்டாயம் நண்பகலில் மாட்டிக்கொள்ளும்.

இன்னும் ஒரு காலை மிஞ்சினால் திருபுவனம் போங்கள். மூன்றாம் குலோத்துங்கனின் கம்பகரேசுவரர் கோயிலும் அதே உயர்விமான வரிசையில் வந்ததுதான். பட்டியலில் இல்லாததால் நெரிசலும் இல்லை. நண்பகலுக்கு சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறைகள் இருக்கின்றன. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். வார்ப்பு தினமும் நடப்பதில்லை, மெழுகு வேலையையும் அரத்தால் ராவும் வேலையையும் பார்க்கலாம்.

தஞ்சாவூரின் பலம் அதன் நண்பகல். கூரைக்கு அடியில் பார்க்க அத்தனை இருக்கிற ஊர் இந்த வட்டாரத்தில் வேறில்லை. அரண்மனையில் உள்ள கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளுக்கே ஒரு மதியம் போய்விடும். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். சாய்ந்து நிற்க இருந்த காளை இப்போது இல்லை, கை மட்டும் அந்தரத்தில் அதன் முதுகில் ஊன்றியபடி இருக்கிறது. அடுத்தாற்போல் சரஸ்வதி மகால் நூலகம்.

இதனால்தான் தஞ்சாவூருக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு நாள் போய்வரலாம் என்கிறேன். நாற்பது கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்குக் குறைவில்லை. புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். பதினொரு மணிக்கு அரண்மனை, சாப்பாடு, நான்கு மணிக்குப் பெரிய கோயில், விளக்கொளியில் விமானத்தைப் பார்த்துவிட்டு இரவு பஸ். பிரதோஷத்தன்று போனால் நந்தி அபிஷேகக் கூட்டத்தில் விமானத்தைப் பார்க்க ஒதுங்கி நிற்க இடம் தேட வேண்டும்.

இந்தத் திட்டத்தில் போவது ஒன்று: பெரிய கோயிலின் விடியல். கோயில் கிழக்கு நோக்கியது. இளவெயிலில் முகப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூரில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். ஒரே இரவுதான் கையில் இருக்கிறது என்பவர்களும், தியாகராஜ ஆராதனைக்காகத் திருவையாறு போகிறவர்களும் தஞ்சாவூரிலேயே தங்கட்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துப் போனாலும் ஒரே ஊரில் கோயில், அரண்மனை இரண்டும் கிடைப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் இந்தப் பக்கம் போனதில்லை. வெயிலை வைத்துப் போட்ட கணக்கு அப்போது எவ்வளவு செல்லும் என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் வருகிறவர்கள், கும்பகோணத்துக் கடைத்தெருக்களின் நெரிசலை நினைத்து ஊருக்கு வெளியே சுவாமிமலைப் பக்கம் அறை பார்ப்பது உத்தமம். 2028-இல் மகாமகம் வருகிறது. அந்த மாசி மாதத்துக்கு மட்டும் நான் சொன்னதைத் தலைகீழாக்கித் தஞ்சாவூரில் அறை போடுங்கள்.